ஞாயிற்றுக்கிழமைப் புள்ளிகள்

ஜனவரி 9

அன்புள்ள வாலுக்கு,

உன் அண்ணி எழுதுவது. இங்கே எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கிறது. நான் மட்டும்தான் ஓரிடத்தில் உட்கார முடியாமல் அலைகிறேன். உன் இருமல் விட்டதா? மாத்திரையைப் பாதியிலேயே நிறுத்தியிருப்பாய், எனக்குத் தெரியும்.

இந்தக் காலத்தில் நாத்தனாருக்குக் கடிதம் எழுதுகிறேன் என்றால் எங்கள் லேபில் எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். போனில் பேசினால் இரண்டாவது நிமிடம் நான் அழுகிறேன், மூன்றாவது நிமிடம் நீ கத்துகிறாய். காகிதம் என்றால் இருவருக்கும் கொஞ்சம் நிதானம் வந்துவிடுகிறது.

முதலில் செய்தி. எங்கள் பல் லேப் வேறொரு ஊரில் கிளை திறக்கிறது. அங்கே பல் செட் பிரிவு முழுவதையும் என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார் முதலாளியம்மா. தங்க இடமும் தருகிறார்களாம். "பிப்ரவரி முடியறதுக்குள்ள சொல்லிடும்மா. உனக்காகத்தான் வச்சிருக்கேன், ரொம்ப நாள் வச்சிருக்க முடியாது" என்றார். நான் தலையைத் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். அது ஆம் என்றா இல்லை என்றா என்று அவருக்கும் புரிந்திருக்காது, எனக்கும் புரியவில்லை.

யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்பாய். இந்த வீடு இருக்கிறது. உன் அண்ணன் என்றாவது திரும்பி வந்தால் இந்தக் கதவைத்தான் தட்டுவார்.

போன தடவை வந்தபோது, "அந்தப் பழைய லேப்டாப்பை எதுக்கு அண்ணி எப்பவும் ஓட விட்டிருக்கீங்க? கரண்ட் சும்மாவா வருது?" என்று கேட்டாய். நான் பேச்சை மாற்றினேன். நேரில் சொல்ல வெட்கமாக இருந்தது. எழுத்தில் சொல்லிவிடுகிறேன்.

கல்யாணமான புதிதில் உன் அண்ணனுக்குக் கிரிப்டோ காயின் பைத்தியம் பிடித்திருந்ததே, அப்போது இந்த லேப்டாப்பில் காயின் வாங்க, அனுப்ப எனக்கும் ஒரு வாலட் போட்டுக் கொடுத்தார். காற்றாலை வேலைக்குப் போகும் இடங்களில் பேசுகிற அளவுக்கு அவருக்குச் சிக்னல் கிடைக்காது, கிடைத்தால் சண்டை வரும். அதனால் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டோம். அவர் இருப்பதிலேயே சின்னத் துணுக்காக ஒரு காயினை எனக்கு அனுப்புவார். நான் அதை அப்படியே திருப்பி அனுப்புவேன். மிஸ்டு கால் கொடுப்பது மாதிரிதான். நான் நன்றாக இருக்கிறேன், நீ? நானும் நன்றாக இருக்கிறேன். அவ்வளவுதான் பொருள். இதற்குப் புள்ளி வைப்பது என்று பெயர். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வைப்பார். அனுப்புகிற கூலி புள்ளியைவிடப் பெரிது என்று நான் கேலி செய்வேன்.

இதில் இன்னொரு பேச்சும் உண்டு. "நீ தனியா இருக்கிற. குளியலறையில வழுக்கி விழுந்து கிடந்தாக்கூட யாருக்குத் தெரியும்? நான் வச்ச புள்ளி மூணு நாள்ல திரும்பி வரலைன்னா, அடுத்த வண்டியப் புடிச்சு வந்து நிப்பேன்" என்றார். நானும் அதையே சொன்னேன். அவர் பக்கமிருந்து ஒரு ஞாயிறு புள்ளி வராவிட்டால் நான் கிளம்பிப் போவேன் என்று.

கடைசியாகச் சண்டை போட்டுவிட்டுப் போனாரே, நினைவிருக்கிறதா? உள்ளூரிலேயே செல்போன் டவர் பராமரிப்பு வேலை இருக்கிறது, போய்ச் சேருங்கள் என்று நான் சொன்னதற்கு, "நாலு சுவத்துக்குள்ள எனக்கு மூச்சு முட்டுது. கொஞ்ச நாள் போன் வேண்டாம், பேசினாலே சண்டை வருது. புள்ளி மட்டும் வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். வைத்தார். அந்த வருடம் நவம்பர் வரை ஒரு ஞாயிறு தவறவில்லை. பிறகு நின்றுவிட்டது. நான் லீவு போட்டுவிட்டு இரண்டு பஸ் மாறிக் காற்றாலைக்குப் போனது உனக்குத் தெரியும், எதற்குப் போனேன் என்பதுதான் தெரியாது. "அவர் வேற கான்ட்ராக்டர்கிட்ட போயிட்டாரேம்மா, ஆள் நல்லாத்தான் இருந்தார்" என்றார் மேற்பார்வையாளர். எந்த ஊர் என்று அவருக்குத் தெரியவில்லை. போன் நம்பரும் மாறிவிட்டது.

அதனால்தான் லேப்டாப்பை அணைப்பதில்லை. இருக்கிறாரா இல்லையா என்று எனக்குச் சொல்ல அது ஒன்றுதான் இருக்கிறது. சிரிக்காதே.

அன்புடன்,
அண்ணி

*

ஜனவரி 20

என் அண்ணிக்கு,

சிரிக்கவில்லை. கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, அண்ணனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். இருமல் விட்டுவிட்டது, திட்ட வசதியாக இருந்தது. மாத்திரையைப் பாதியில் நிறுத்தியது உண்மை.

நேரடியாகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கிளம்புங்கள். நாளைக்கே முதலாளியம்மாவிடம் சரி என்று சொல்லுங்கள். அவன் என் கூடப்பிறந்தவன்தான், சின்ன வயதில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றியவன்தான். அதற்காக, ஒரு வருடத்துக்கும் மேலாக ஒரு வார்த்தை இல்லாமல் போனவனுக்காக நீங்கள் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார வேண்டுமா? அவனுக்கு உங்கள் புது வீடு தெரியாவிட்டால் என்ன, என் நம்பர் தெரியும். அவனுக்காகவே அதை நான் மாற்றவில்லை. கம்பெனியில் புது நம்பர் கொடுத்தபோதுகூட இரண்டையும் வைத்துக்கொண்டு அலைகிறேன். ஒரு நாள் கூப்பிடவில்லை.

இப்படி வீராப்பாக எழுதுகிறேனே தவிர, தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் நானும் முதல் மணியிலேயே பாய்ந்து எடுக்கிறேன். அவனாக இருக்குமோ, அவனைப் பற்றி வேறு யாராவது ஏதாவது சொல்ல வருகிறார்களோ என்று.

வேலை அப்படியேதான் போகிறது. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் மணியை அழுத்தினால் எங்கள் ஹெட்போனில் வந்து விழுவார்கள். "பதறாதீங்க, ஆள் வந்துட்டே இருக்காங்க" என்று நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நேற்று ஒரு கல்யாணப் பெண்ணும் அவள் மாமியாரும் ஒன்றாக மாட்டிக்கொண்டார்கள். ஆள் போய்த் திறப்பதற்குள் சமாதானம் ஆகிவிட்டார்கள். முன்னால் என்ன சண்டை என்று கேட்க எனக்கு வாய் துடித்தது, விதிமுறை அனுமதிக்காது.

ஒரு விஷயம். எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர் பிரிவில் ஒருவர் இருக்கிறார், தாடி என்று கூப்பிடுவோம். அவரும் இந்தக் காயின் கிறுக்குதான். பெயர் எதுவும் சொல்லாமல், எனக்குத் தெரிந்த ஒருவர் பழைய வாலட்டைப் பல வருடமாக ஓட விட்டிருக்கிறார் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "பழைய வாலட்டுன்னா எவ்வளவு பழசு? எந்த வெர்ஷன்? அடியில கடைசிப் பதிவுன்னு ஒரு தேதி காட்டுமே, அது என்னன்னு கேளுங்க" என்றார். எதற்கு என்று கேட்டால், "முதல்ல கேளுங்க" என்கிறார். பார்த்து எழுதுங்கள். எழுதாவிட்டாலும் பரவாயில்லை. ஆனால் வேலைக்குச் சரி என்று சொல்லிவிடுங்கள்.

உங்கள்
வாலு

*

ஜனவரி 29

அன்புள்ள வாலுக்கு,

யாரோ தாடியிடம் போய் என் வீட்டுக் கதையைச் சொல்லியிருக்கிறாய். பெயர் சொல்லவில்லை என்றால் ஆயிற்றா? கோபமாகத்தான் இருந்தேன். பிறகு எதற்குக் கேட்கிறார் என்று குடைய ஆரம்பித்துவிட்டது, கோபம் போய்விட்டது.

வெர்ஷன் எண்ணைத் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். அடியில் பச்சை டிக் இருக்கிறது. "எல்லாம் சரி" என்று போட்டிருக்கிறது. அதைப் பார்த்துத்தான் தினமும் வேலைக்குக் கிளம்புகிறேன். கடைசிப் பதிவு என்று இருக்கும் தேதி போன வருடத்துக்கும் முந்தைய வருடத்து நவம்பர் 17. உன் அண்ணன் கடைசிப் புள்ளி வைத்ததற்கு இரண்டு மூன்று நாள் கழித்து. அது அவர் கணக்கோடு சம்பந்தப்பட்ட தேதி என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். இல்லையா?

அதற்குப் பிறகு நானாகவும் பல தடவை புள்ளி வைத்தேன். எல்லாவற்றுக்கும் பக்கத்தில் "காத்திருக்கிறது" என்று இருக்கிறது. போன் மணி அடித்துக்கொண்டே இருந்தும் எடுக்காத மாதிரி, அவர் எடுத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம் செய்துகொண்டேன். அந்த வார்த்தையை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பார்ப்பதற்குக் கஷ்டமாக இருந்ததால் வைப்பதை நிறுத்திவிட்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், தாடி கேட்கக்கூடும். நடுநடுவே ஒரு கட்டம் வந்து "புதுப்பிக்கவும்" என்று கேட்கும். நான் "பிறகு" என்பதை அழுத்திவிடுவேன். உன் அண்ணன் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். "என்ன கட்டம் வந்தாலும் தொடாதே. புதுப்பிக்கச் சொல்லியே ஆளுங்கள ஏமாத்தி எல்லாத்தையும் உருவிடறானுங்க" என்றார். அவர் சொன்னதில் நான் கேட்டு நடந்த ஒரே விஷயம் இதுதான் என்று நினைக்கிறேன்.

மனசு ஒரு நிலையில் இல்லை. நேற்று ஒரு பெரியவருக்குச் செய்த பல் செட்டில் வலது பக்கத்துக் கோரைப்பல்லை இடது பக்கம் வைத்துவிட்டேன். முதலாளியம்மா பார்த்துவிட்டு அதை என் மேசையில் திருப்பி வைத்துவிட்டுப் போனார், அதுதான் அதிகமாகச் சுட்டது. மெழுகை உருக்கி மறுபடி அடுக்கினேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, ஒரு காரணமும் இல்லாமல் சமையலறை அலமாரி முழுவதையும் இறக்கித் துடைத்து ஏற்றினேன். மறுநாளும் அதையே செய்தேன்.

வேலைக்குச் சரி என்று கிட்டத்தட்டச் சொல்லிவிட்டேன். கிட்டத்தட்டத்தான்.

அன்புடன்,
அண்ணி

*

பிப்ரவரி 6

அண்ணி, அண்ணி,

நலம் விசாரிக்க நேரமில்லை, நேராக விஷயத்துக்கு வருகிறேன். முதலாளியம்மாவிடம் ஒன்றும் சொல்லிவிடாதீர்கள். சொல்லியிருந்தால் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்.

உங்கள் தாளைத் தாடியிடம் காட்டினேன். அந்த வெர்ஷன் எண்ணைப் பார்த்ததுமே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். அவர் சொன்னதை எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன்.

அந்தக் காயினின் நெட்வொர்க் முழுவதையும் போன வருடத்துக்கும் முந்தைய வருடம் நவம்பர் 17ஆம் தேதி அப்கிரேடு செய்திருக்கிறார்கள். "எல்லா அப்கிரேடும் ஒண்ணு கிடையாதுங்க. சிலதுல பழைய வெர்ஷன் நொண்டிக்கிட்டாவது கூடவே வரும், வர்றதப் பாக்கலாம், அனுப்பலாம். சிலதுல விதியே மாறிடும். அப்ப புதுசா வர்ற எதுவும் பழசுக்குச் செல்லாத நோட்டு மாதிரி தெரியும். எல்லாத்தையும் வாசல்லயே திருப்பி அனுப்பிடும். இது அந்த ரகம்" என்றார்.

"அப்ப அந்தப் பச்சை டிக்?" என்று கேட்டேன்.

"அதுக்குத் தெரிஞ்ச வரைக்கும் எல்லாம் சரிதானே? இன்னும் பழசையே ஓட்டற நாலஞ்சு பேரோட கைகோத்துக்கிட்டு, உலகம் அங்கயே நிக்குதுன்னு நெனச்சிட்டிருக்கும். தப்பு நடந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லாது" என்றார்.

அண்ணி, புரிகிறதா? உங்கள் லேப்டாப் ஓடுகிறது, விளக்கு எரிகிறது, ஆனால் அதற்குக் காது கேட்கவில்லை. நவம்பர் 17 அண்ணனோடு சம்பந்தப்பட்ட தேதியே இல்லை. "காத்திருக்கிறது" என்றால் அவன் எடுக்கவில்லை என்று இல்லை, உங்கள் புள்ளி வீட்டு வாசலையே தாண்டவில்லை. அவன் அதற்குப் பிறகும் வைத்திருக்கலாம். ஒவ்வொரு ஞாயிறும் வைத்திருக்கலாம்! போனில் இருக்கும் வாலட்டெல்லாம் பொதுவாகத் தானாகவே புதுசாகிக்கொள்ளும் ரகமாம்.

செய்ய வேண்டியது இதுதான். அந்தக் கட்டத்தை அழுத்தக் கூடாது, அதில் அண்ணன் சொன்னது சரி. வேறொரு நல்ல லேப்டாப்பில், வாலட் செய்தவர்களின் சொந்தத் தளத்திலிருந்து புது வெர்ஷனை இறக்க வேண்டும். முகவரியைத் தாடி எழுதிக் கொடுத்திருக்கிறார், இணைத்திருக்கிறேன். பிறகு வாலட் போட்ட அன்றைக்குக் கொடுத்த பன்னிரண்டு சொற்களை அதில் வரிசையாக அடிக்க வேண்டும். மென்பொருள்தான் பழசாகுமாம், அந்தச் சொற்கள் பழசாகாதாம். இத்தனை நாள் வந்ததெல்லாம் எங்கேயும் போகாமல் அப்படியே இருக்குமாம். அந்தச் சொற்கள் உங்களிடம் இருக்கின்றனவா? தயவுசெய்து இருக்கின்றன என்று சொல்லுங்கள். எனக்குக்கூடச் சொல்ல வேண்டாம், இருக்கின்றன என்று மட்டும் சொல்லுங்கள்.

உடனே எழுதுங்கள். எனக்கு இங்கே இருப்புக்கொள்ளவில்லை.

வாலு

*

பிப்ரவரி 18

அண்ணிக்கு,

பதில் இல்லை. போன் செய்தால் அணைத்து வைத்திருக்கிறீர்கள். லேபுக்குப் போன் செய்தால், "வேலைக்கு வர்றாங்களே, இப்பத்தான் பல் அச்சுக்கு மாவு கலக்கப் போனாங்க" என்கிறார் கணக்குப் பிள்ளை. நீங்கள் இருக்கிறீர்கள் என்று தெரிகிறது. ஆனால் எனக்கு அது போதாது.

எங்கள் வேலையில் சேர்ந்த முதல் நாள் ஒன்று சொல்லிக் கொடுப்பார்கள். லிஃப்டுக்குள்ளிருந்து கத்துகிறவரைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்பட வேண்டாம், கத்துகிறவருக்கு மூச்சு இருக்கிறது. மணி அடித்துவிட்டுப் பேசாமல் இருக்கிறாரே, அவருக்குத்தான் ஆளை ஓட விட வேண்டும். சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் எழுந்து ஓட வேண்டும்.

கோபமா? நான் அதிகம் பேசிவிட்டேனா? முதலில் போ என்றேன், பிறகு நில் என்றேன், இவள் யார் நம்மை ஆட்டி வைக்க என்று தோன்றியதா? தோன்றினால் திட்டி எழுதுங்கள். திட்டுக்கும் தபால்தலை ஒட்டலாம்.

வருகிற சனிக்கிழமை பஸ் ஏறுகிறேன். லீவு சொல்லிவிட்டேன். கதவைத் திறக்காவிட்டால் படியில் உட்கார்ந்திருப்பேன், அக்கம்பக்கத்தில் எல்லோரும் பார்ப்பார்கள், உங்கள் மானம்தான் போகும்.

வாலு

*

பிப்ரவரி 20

வாலு,

வராதே. இந்தக் கடிதம் நீ கிளம்புவதற்குள் வந்து சேர வேண்டுமே என்று காலையிலேயே தபாலில் போடுகிறேன்.

கோபம் இல்லை. பயம். நீ எழுதியதைப் படித்த அன்றே புது லேப்டாப் வாங்கி வந்துவிட்டேன். அது பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை. அதன் மேல் துணி போட்டு மூடி வைத்து, சுற்றிச் சுற்றி வருகிறேன்.

சொற்கள் இருக்கின்றன. எழுதி வைக்கக் கூடாது என்று உன் அண்ணன் சொன்னதால் என் தொழிலிலேயே ஒளித்து வைத்தேன். நாங்கள் செய்யும் செட்டில் மேல் வரிசைக்குப் பதினான்கு பல்தான், இரண்டு பக்கமும் கடைசிக் கடைவாய்ப்பல்லை விட்டுவிட்டால் பன்னிரண்டு. ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு சொல். ஒரு செட் அடுக்கும்போதெல்லாம் வாய்க்குள் சொல்லிக்கொண்டே அடுக்குவேன். ஊரில் எத்தனையோ பேர் என் வாலட்டை வாயில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறார்கள். அதனால் மறக்க வழியில்லை.

அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும், அதுதான் பயம். ஒன்றும் வந்திருக்கவில்லை என்றால், அவர் இல்லை என்று நான் முடிவு செய்ய வேண்டியிருக்கும். இதுவரை லேப்டாப் பழசு என்று ஒரு சாக்கு இருக்கிறது. நீதான் அந்தச் சாக்கைக் கொடுத்தாய், இப்போது பிடுங்கப் பார்க்கிறாய். கொஞ்ச நாள் அதை வைத்துக்கொள்கிறேனே.

வராதே என்று சொன்னேன் அல்லவா? வந்தால் ஸ்வெட்டர் எடுத்து வா, இங்கே குளிர் இன்னும் விடவில்லை.

அண்ணி

*

மார்ச் 3

என் செல்ல அண்ணிக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். ஸ்வெட்டரை உங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டேன். வராதே என்ற கடிதம் நான் திரும்பி வந்த பிறகுதான் கையில் கிடைத்தது. நல்லவேளை.

பஸ்ஸில் வரும்போது முழுக்க அந்தச் சாயங்காலத்தையே நினைத்துக்கொண்டு வந்தேன். என்னைச் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு நீங்கள் ஒவ்வொரு பல்லாகத் தொட்டுத் தொட்டு அடித்தீர்களே, எனக்குச் சுவரில் இருந்த விரிசல் மனப்பாடம் ஆகிவிட்டது. பிறகு உங்களிடமிருந்து சத்தமே இல்லை. எனக்குச் சத்தம் இல்லையென்றால் தாங்காது என்று தெரியுமல்லவா, திரும்பிவிட்டேன். திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து விழுந்துகொண்டே இருந்தன. ஞாயிறு, ஞாயிறு, ஞாயிறு. ஒன்றுகூடத் தவறவில்லை. கடைசியாக வைத்தது அதற்கு முந்தைய ஞாயிறு. நான் சத்தம் போட்டு அழுதுவிட்டேன். நீங்கள் அழவில்லை. அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்லி எழுந்து போய்விட்டீர்கள். அடுப்பில் பால் இல்லை, நான் பார்த்தேன்.

அண்ணி, அவன் உயிரோடு இருக்கிறான். நன்றாக இருக்கிறான். உங்களை ஒரு வாரம்கூட மறக்கவில்லை. நான் அவனைத் திட்டிய திட்டையெல்லாம் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ஊர் ஊராக ஓடுகிறவன், ஓரிடத்தில் கால் தரிக்காதவன், இத்தனை மாதம் பதிலே இல்லாமல் வைத்துக்கொண்டே இருந்திருக்கிறானே!

நான் கிளம்பும்வரை நீங்கள் திருப்பிப் புள்ளி வைக்கவில்லை. ஏன் என்று கேட்டால், "நீ மொதல்ல சாப்பிடு" என்றீர்கள். அவன் என்ன நினைத்திருப்பான், யோசித்துப் பாருங்கள். நீங்கள் கோபத்தில்தான் திருப்பவில்லை என்று நினைத்திருப்பான். அதனால்தான் வராமல் இருந்திருப்பான், பயந்துகொண்டு. தப்பு யார்மேலும் இல்லை. ஒரு பாழாய்ப்போன பழைய மென்பொருள் இரண்டு பேரையும் பிரித்து வைத்துவிட்டது, அவ்வளவுதான். இப்போது தெரிந்துவிட்டதே. புள்ளியைத் திருப்புங்கள். வேலை வேண்டாம் என்று சொல்லுங்கள். அவன் வருவான், அந்தக் கதவைத்தான் தட்டுவான். நீங்கள்தானே சொன்னீர்கள்?

பதில் உடனே வேண்டும். தாமதித்தால் மறுபடி பஸ் ஏறுவேன், தெரியுமல்லவா?

உங்கள்
வாலு

*

மார்ச் 12

என் அன்பு வாலுக்கு,

உன் ஸ்வெட்டரைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். வலது கையில் பித்தான் இல்லை, தைத்துவிட்டேன்.

நீ சொன்னபடி புள்ளியைத் திருப்பிவிட்டேன். ஒன்றே ஒன்று, அவர் கடைசியாக வைத்ததற்கு. கொஞ்ச நேரத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டது என்று காட்டியது. அடுத்த ஞாயிறு அவரிடமிருந்து வழக்கம்போல ஒன்று வந்தது. வழக்கம்போல ஒன்றுதான். இத்தனை மாதத்துக்குப் பிறகு முதல் பதில் கிடைத்தவர் வைக்கிற புள்ளி கொஞ்சம் வித்தியாசமாக இருக்குமென்று நான் எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. நேரம்கூட மாறவில்லை.

அன்றைக்கு நான் அழவில்லை என்று எழுதியிருக்கிறாய். முதலில் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. உயிரோடு இருக்கிறார் என்று பார்த்ததும் மடியில் வைத்திருந்த கை தானாகவே கும்பிட்டது. அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறாக எண்ணிக்கொண்டு போனபோது ஒன்று தட்டியது. அதற்குத்தான் எழுந்து போனேன். பால் இல்லாத அடுப்பின் முன்னால் நின்று அதைத்தான் யோசித்தேன்.

மூன்று நாள் என்றாரே, வாலு? மூன்று நாளில் புள்ளி திரும்பி வராவிட்டால் அடுத்த வண்டியைப் பிடித்து வந்து நிற்பேன் என்றாரே. அது கோபத்துக்காகச் சொன்ன பேச்சு இல்லை. நான் குளியலறையில் வழுக்கி விழுந்து கிடந்தால் என்று சொன்னவர் அவர்தான். அவர் கணக்கின்படி நான் வருடத்துக்கும் மேலாகக் குளியலறையில் விழுந்து கிடக்கிறேன். அவர் ஞாயிறு தவறாமல் புள்ளி வைத்துக்கொண்டிருக்கிறார்.

எனக்குப் புள்ளி வராதபோது நான் இரண்டு பஸ் மாறிப் போனேன். அவருக்கு வராதபோது அவர் வரவில்லை. பயந்திருப்பார் என்கிறாய், இருக்கலாம். பயந்தவர் உனக்கு ஒரு போன் செய்து, உங்க அண்ணி உயிரோட இருக்காளா என்று கேட்டிருக்கலாம். உன் நம்பரை நீ மாற்றவில்லை. அவருக்காகத்தான் மாற்றவில்லை என்று எழுதியிருந்தாய், அதைப் படித்தபோதே எனக்கு ஒரு மாதிரி இருந்தது, அப்போது ஏன் என்று புரியவில்லை.

எல்லாவற்றையும் அந்தப் பழைய வாலட் தலையில் கட்டிவிடப் பார்க்கிறாய். நானும் கட்டிப் பார்த்தேன், நம்பு. என் பக்கத்துச் சத்தம் அவருக்குப் போகாததற்கு அது காரணம். அவர் பக்கத்துச் சத்தம் எனக்கு வராததற்கும் அதுதான் காரணம். ஆனால் அவர் வராததற்கு அது காரணம் இல்லை. அதற்கு எந்தத் தாடியும் வேறு காரணம் கண்டுபிடித்துக் கொடுக்க முடியாது. எனக்குக் கோபமாக இருக்கிறது, வாலு. அவர் இறந்துவிட்டாரோ என்று நினைத்திருந்த நாட்களில்கூட இவ்வளவு வலிக்கவில்லை.

நீ பத்துப் பதினைந்து நாள் என் கடிதம் வராததற்கு லீவு போட்டுவிட்டுப் பஸ் ஏறினாய். சத்தம் வராவிட்டால்தான் ஓட வேண்டும் என்று உனக்கு வேலையில் சொல்லிக் கொடுத்தார்கள் என்றாய். உனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, நீ சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். எனக்குக் காய்ச்சல் வந்தபோது பள்ளிக்கூடத்துப் பையோடு வந்து படியில் உட்கார்ந்திருந்தவள் நீ.

முதலாளியம்மாவிடம் சரி என்று சொல்லிவிட்டேன். பிப்ரவரி முடிந்த பிறகும் எனக்காக ஒரு வாரம் வைத்திருந்தாராம். ஏப்ரல் முதல் வாரம் போகிறேன். வீட்டைக் காலி செய்வதாக வீட்டு ஓனரிடமும் சொல்லியாகிவிட்டது. புது முகவரியை இதோடு இணைத்திருக்கிறேன். உனக்குத் தனியாக ஒரு கட்டில் போட இடம் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டேன், இருக்கிறதாம்.

இந்த முகவரியை உன் அண்ணனுக்கு நான் கொடுக்கப் போவதில்லை. உனக்கு அவர் போன் செய்து கேட்டால் நீ கொடு, தடுக்க மாட்டேன். கொடுக்கும்போது ஒன்று சொல். என் புள்ளிக்கு நலமாக இருக்கிறேன் என்றுதான் அர்த்தம், வாருங்கள் என்று அர்த்தம் இல்லை. ஏதாவது சொல்ல இருந்தால் ஒரு முழு வாக்கியமாவது எழுதச் சொல். என் நாத்தனார் பக்கம் பக்கமாக எழுதுகிறாள், எனக்கு அது பழகிவிட்டது.

அவர் உன் கூடப்பிறந்தவர் என்பதால் இதைப் படிக்க உனக்குக் கஷ்டமாக இருக்கும். அவரோடு நீ எப்படி இருக்கிறாயோ அப்படியே இரு. எனக்காக அவரை வெறுக்க வேண்டாம். என்னோடு மட்டும் இப்போது இருப்பது போலவே இரு, அது போதும்.

லேபில் நேற்று அந்தப் பெரியவர் வந்து பல் செட்டைப் போட்டுப் பார்த்தார். கண்ணாடியில் பார்த்துச் சிரித்து, மறுபடி பார்த்து, மறுபடி சிரித்தார். கோரைப்பல் சரியான பக்கத்தில் இருக்கிறது.

ஸ்வெட்டரை நேரில் வந்து வாங்கிக்கொள்.

எப்போதும் உன்
அண்ணி

பின்குறிப்பு: அந்தப் பழைய லேப்டாப்பை இன்று மத்தியானம் அணைத்தேன். அதன் விசிறி நின்ற பிறகுதான் அது இத்தனை நாளும் இரைந்துகொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரம் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்படியே தூங்கிப்போயிருக்கிறேன், தபால்காரர் மணி அடித்ததும்தான் எழுந்தேன்.